ஊரடங்கில் தாமதமாக வந்த கை கால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்த நாலு மாசம் ரோட்டில் வண்டியே இல்லை, எலும்பு முறிவு வார்டுக்கு நல்ல ஓய்வு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. 2019-ல் நாடு முழுக்க 4,49,002 சாலை விபத்துகள் பதிவாயின. 2020-ல் அது 3,66,138 ஆக, 18 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இறந்தவர் எண்ணிக்கை 1,51,113-லிருந்து 1,31,714 ஆனது. இந்தக் குறைவு 13 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நூறு விபத்துக்குச் சுமார் 34 பேர் இறந்த கணக்கு 36 ஆகிவிட்டது. காலிச் சாலையில் வேகம் கூடியதை எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். நாங்கள் எழுத வந்தது நேரத்தைப் பற்றி.

அவசர ஆபரேஷனுக்கு எந்த உத்தரவிலும் தடை இருக்கவில்லை. 2020 மார்ச் 24 மாலை 144 வந்தபோதும், ஏப்ரல் 26 முதல் கோவையில் நான்கு நாளும் திருப்பூர், சேலத்தில் மூன்று நாளும் எல்லாவற்றையும் அடைத்தபோதும், 2021 மே மாதம் மறுபடி அடைத்தபோதும் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தியேட்டருக்கு வந்து சேரும் வழியும், தியேட்டரை விட்டுப் போன பிறகு வரும் ஆறு வாரமும்தான் கெட்டுப்போயின. அடுத்த தொற்று வரும்போது என்ன உத்தரவு போடலாம் என்று யோசிப்பவர்கள் பார்வைக்குப் போகட்டும் என்று இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் பக்கத்தில் மனுசனுக்கு அடிபடுவது ரோட்டில் மட்டும் இல்லை. விவசாயத்துக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. மார்ச், ஏப்ரல் என்பது ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து டிரம்மில் போட்டுப் பாலிஷ் போடும் காலம். பொள்ளாச்சி, ஆனைமலையில் தென்னை மரம் ஏறுவது வருஷம் பூரா நடக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷின் எந்த ஊரடங்கிலும் நிற்காது. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் மரத்திலும் மதில் சுவரிலும் ஏறி விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பை முறித்துக்கொண்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆத்தாக்களுக்கு ஊரடங்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு வருகிற முதல் இரண்டு வாரத்துக்குத் தனி ஆபத்து உண்டு. வாரக்கணக்கில் நின்ற தறியையும், ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் சாயப்பட்டறை ஹைட்ரோ மெஷினையும், நார் மில்லையும் திரும்ப ஓட்டுவார்கள். துரு எடுக்கக் கழற்றிய பெல்ட் மூடியைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். பழகிய வடமாநிலத் தொழிலாளி ஊருக்குப் போயிருப்பார். அந்த இடத்தில் மெஷினைப் பார்த்தே இராத கை நிற்கும்.

அப்படித் துண்டாகும் விரலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விரலில் தசை கிடையாது. தோலும் எலும்பும் தசைநாணும் நரம்பும் ரத்தக்குழாயும் மட்டும்தான். அதனால் சாதாரண வெப்பத்தில் 12 மணி நேரம் வரையும், குளிர்ச்சியில் வைத்தால் 24 மணி நேரம் வரையும் ஒட்டிப் பார்க்கலாம். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் அங்கே தசை இருக்கிறது. அந்தத் தசை ரத்தமின்றி 6 மணி நேரம் தாண்டிவிட்டால் செத்துப்போகும். அதற்கப்புறம் ஒட்டினால் செத்த தசையிலிருந்து பொட்டாசியம் உடம்புக்குள் ஓடி இதயத்தையே நிறுத்திவிடலாம். கோபியிலிருந்து கோவைக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிற சாதாரண நாளில் இந்த 6 மணி நேரம் தாராளம். சோதனைச் சாவடியில் அரை மணி, வண்டி தேட ஒரு மணி, முதலில் போன ஆஸ்பத்திரியில் "இங்கே இப்போ கொரோனா மட்டும்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஒரு மணி என்று சேர்ந்தால் அதே 6 மணி நேரம் பத்தாது.

துண்டான விரலை எப்படிக் கொண்டுவருவது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். படித்தவர் வீட்டிலும் இதில் தப்பு நடக்கிறது. விரலைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் அழுக்கைச் சலைன் என்கிற உப்புநீர் விட்டு அலசினால் போதும். சுத்தமான காஸ் கட்டுத்துணியையோ வெள்ளைத் துணியையோ சலைனில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். இன்னொரு பையிலோ தூக்குப்போசியிலோ பாதி ஐஸ் கட்டி, பாதி தண்ணீர் எடுத்து, முதல் பையை அதற்குள் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பட்டால் நுனி ரத்தக்குழாய்கள் உறைந்து கெட்டுப்போகும், மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தாலும் ரத்தம் ஓடாது. சலைனிலேயே மிதக்கவிட்டால் ஊறி வெளுத்துப்போகும். மஞ்சள் தூள், காபித் தூள் எதையும் வைக்காதீர்கள். பேக்கரியும் ஜூஸ் கடையும் மூடியிருக்கிற நாளில் ஐஸுக்கு எங்கே போவது என்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு ட்ரே ஐஸ் போதும். விரல் போன கையில், காயத்தின் மேல் சுத்தத் துணியை வைத்து அழுத்திக் கட்டி, நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற குழப்பத்தைப் பற்றி. கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் கொரோனாவுக்கென ஒதுக்கினார்கள். அது தேவையான முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கை நசுங்கிய மில் தொழிலாளிக்கு முதலில் ஞாபகம் வருவது இ.எஸ்.ஐ. கார்டுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் தொற்றுக்கு மாற்றும் அதே உத்தரவில், அடிபட்டு வருபவர்கள் இனி எங்கே போக வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். அந்த வரி 108 கட்டுப்பாட்டு அறைக்கும், சோதனைச் சாவடிக்கும், ஊராட்சி அலுவலக போர்டுக்கும், ரேஷன் கடைச் சுவருக்கும் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். மலைக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். தாளவாடிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர். மாநில எல்லையை அடைத்தால் அவர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் வந்தாக வேண்டும். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 வளைவு. தொடை எலும்பு உடைந்தவரைத் தொடைக் கட்டை கட்டாமல் இந்த வளைவுகளில் கொண்டுவந்தால் ஒவ்வொரு வளைவிலும் எலும்பு முனை சதையைக் கிழிக்கும். மலையடிவாரச் சுகாதார நிலையங்களில் தாமஸ் ஸ்பிளிண்ட் என்கிற அந்தத் தொடைக் கட்டை இரண்டு, பெரியவர் அளவில் ஒன்றும் சிறுவர் அளவில் ஒன்றும், இருக்கிறதா என்று இப்போதே எண்ணிப் பார்த்துவிடலாம். விலை பெரிய விஷயம் இல்லை.

இடுப்புக் கூடு உடைந்தவருக்கு ஒரு வேட்டி போதும். நாலாக மடித்து, தொடை எலும்பு இடுப்பில் முட்டி நிற்கும் இடத்தில் சுற்றி இறுக்கிக் கட்டி, முட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பெரும்பாலோர் இடுப்பில், பெல்ட் போடும் இடத்தில் கட்டிவிடுகிறார்கள். அங்கே கட்டினால் வயிறுதான் இறுகும், ரத்தம் நிற்காது. உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். இடுப்புக் கூட்டில் 2 லிட்டருக்கு மேலும், ஒரு தொடையில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரையும் வெளியே தெரியாமல் கசிந்து தேங்கிவிடும். டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி ஒரு கிராமை 10 நிமிடத்தில் ஏற்றினால் கசிவு குறையும். ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு போட்டால் கெடுதல் வரலாம். ஊரடங்கில் தாமதித்து வந்தவர்கள் இந்த மலிவான ஊசியின் கெடுவைத் தாண்டித்தான் வந்தார்கள்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுக்குக் கணக்கு இன்னும் கறார். ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்பலாம், பெரிய ஆஸ்பத்திரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காட்டு மண்ணும் சாணமும் ஏறிய காயத்தை வந்த உடனே, அப்படி இல்லாவிட்டாலும் பலத்த அடியென்றால் 12 மணி நேரத்துக்குள், செத்த சதையை வெட்டியெடுத்துச் சலைன் ஊற்றிக் கழுவ வேண்டும். சின்னக் காயத்துக்கு 3 லிட்டர், நடுத்தரத்துக்கு 6, பெரியதற்கு 9 லிட்டர். எலும்பு தெரிகிற இடத்தை 3 நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வாரத்துக்குள், சதையாலும் தோலாலும் மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் எலும்பு காய்ந்து சீழ் பிடிக்கும். பிறகு இரண்டு வருஷம் ஓடினாலும் அந்தச் சீழ் விடாது. இந்தக் காயங்களுக்கு உலகம் பயன்படுத்தும் மதிப்பெண் முறைகளில் ஒன்று நம் கோவை கங்கா மருத்துவமனையில் உருவானது. தோல், எலும்பு, தசை நரம்பு என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட்டு, சர்க்கரை மாதிரியான கூடுதல் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் 2 சேர்ப்பார்கள். 14-க்குள் வந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுத்துவிடுவது நல்லது. 15, 16 என்பது அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டிய இடம். அந்தக் கூடுதல் 2 மதிப்பெண்ணுக்குரிய காரணங்களில் ஒன்று, காயத்தைக் கழுவ 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுவது. 14 வாங்க வேண்டிய கால் ஒரு சோதனைச் சாவடியாலும் ஒரு தவறான ஆஸ்பத்திரி வாசலாலும் 16 ஆகிவிடுகிறது. ஊரடங்கு ஒரு காலுக்கு என்ன செய்யும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு முதல் காத்திருப்பு கொரோனா பரிசோதனைக்காக இருந்தது. ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வர அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும். ட்ரூநாட் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ரேபிட் ஆன்டிஜென் அரை மணிக்குள். ரத்தம் ஓடாத கால், திறந்த முறிவு, தலைக்குள் ரத்தக் கட்டு, வயிற்றுக்குள் கசிவு ஆகியவற்றுக்கு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சளி மாதிரியை எடுத்துவிட்டு, எல்லோரும் கவச உடை போட்டுக்கொண்டு, தொற்று இருப்பதாகவே வைத்து ஆபரேஷனைத் தொடங்கிவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர் அதைத் தன் பொறுப்பில் செய்யப் பயப்படுவார். எழுத்தில், கையெழுத்தோடு, கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டியிருந்தால் பயப்பட மாட்டார்.

தொற்று வந்தவருக்கு அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் 7 வாரம் தள்ளிப்போடுவது நல்லது என்று 2021-ல் சொன்னார்கள். அதற்குள் செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கலும் சாவும் கூடியிருந்தன. முறிந்த எலும்பு 7 வாரம் பொறுக்காது. மூன்று வாரத்திலேயே கோணல் மாணலாகக் கூட ஆரம்பித்துவிடும். அதனால் எலும்பு வார்டில் தள்ளிப்போடும் பட்டியல் என்று ஒன்றை எழுதும்போது, முட்டி மாற்று ஆபரேஷனையும் முறிவு ஆபரேஷனையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்து உட்காரவைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

தியேட்டர் காற்று என்று ஒன்று இருக்கிறது. தொண்டையில் குழாய் போட்டு மயக்கம் கொடுக்கும்போதும், குழாயை எடுக்கும்போதும் கிருமி காற்றில் மிதக்கும். மணிக்கு 15 முறை காற்று மாறும் அறையில் அதில் 99 சதவீதம் வெளியேற 18 நிமிடம் ஆகும். மணிக்கு 6 முறைதான் மாறும் என்றால் 46 நிமிடம். குழாய் போட்டதற்கு ஒரு முறை, எடுத்ததற்கு ஒரு முறை என்று காத்திருந்தால் ஒரு கேஸுக்கு ஒன்றரை மணி நேரம் சும்மா போகும். நம் சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் பலவற்றில் ஸ்பிளிட் ஏ.சி.தான். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடும். காற்று வெளியேற ஒரு வழியும், வடிகட்டிய வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் வைத்தால் நிலைமை மாறும். இன்னொரு வழி, கைக்கும் காலுக்கும் முழு மயக்கமே கொடுக்காமல் முதுகில் ஊசியோ கழுத்தில், அக்குளில் நரம்பு ஊசியோ போட்டு மரக்கவைத்துச் செய்வது. அப்போது குழாயும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கிட்டத்தட்ட எல்லாக் கால் முறிவையும் இப்படிச் செய்யலாம்.

எல்லோரும் தடுமாறிய இடம் மூச்சுத் திணறல். தொடை எலும்பு உடைந்தவருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். மூச்சு வாங்கும், காய்ச்சல் வரும், ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கும், சிலருக்குப் புத்தி தடுமாறும். நெஞ்சில் அடிபட்டு நுரையீரல் கன்றிப்போனாலும் சி.டி. படத்தில் வெண்புகை மூட்டம் போலத் தெரியும். இரண்டையும் பார்த்தால் கொரோனா மாதிரியேதான் இருக்கும். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனையைப் பார்க்கலாம் என்றால், எலும்பு உடைந்தாலே டி-டைமர் ஏறிவிடும். ஆக, கொழுப்பு அடைப்பில் இருப்பவரைக் கொரோனா வார்டுக்கு மாற்றி, தொடைக்குக் கம்பி போடுவதை ஒத்திவைத்தால், உடைந்த எலும்பு அசைய அசைய இன்னும் கொழுப்பு கலக்கும். ஒத்திவைத்ததே நோயை வளர்க்கும். அக்குளிலும் நெஞ்சிலும் கண் இமையின் உள்பக்கத்திலும் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இருந்தால் கொழுப்பு அடைப்பு. இல்லாவிட்டாலும் அது இல்லை என்று ஆகிவிடாது.

சி.டி. மெஷினையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் கோவையின் தினசரித் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டிய நாட்களில், ஸ்கேன் சென்டர் வாசலில் நெஞ்சு ஸ்கேனுக்கு வரிசை நின்றது. தலையில் அடிபட்டவரும் அதே மெஷினுக்குத்தான் வர வேண்டும். தலைக்குள் மூளையை அழுத்தும் ரத்தக் கட்டை நாலு மணி நேரத்துக்குள் எடுப்பதற்கும் அப்புறம் எடுப்பதற்கும் வித்தியாசம் உயிர்தான். ஒவ்வொரு நெஞ்சு ஸ்கேனுக்குப் பிறகும் அறையைத் துடைத்துக் காற்றுப் போகவிட அரை மணி ஆகும். வரிசையை உடைத்து உள்ளே போகும் உரிமையை, ஒரு சிவப்புச் சீட்டை, கேஷுவாலிட்டி நர்ஸ் கையில் கொடுத்துவைக்கலாம்.

ஆக்சிஜன் கணக்கு எளிது. பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் மூக்குக் குழாய் மெஷின் அதை இரண்டு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். மயக்க மெஷினில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்து ஓட்டினால் அதே சிலிண்டர் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வரும். தியேட்டர் சிலிண்டரைத் தூக்கி வார்டுக்குக் கொண்டுபோனால் வார்டுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், தியேட்டர் இழப்பது பத்துப் பதினைந்து ஆபரேஷன். மனசு கேட்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் தியேட்டருக்கென இரண்டு சிலிண்டரைப் பூட்டிவைக்க ஓர் உத்தரவு வேண்டும்.

ரத்தம் இன்னொரு தலைவலி. நம் ரத்த வங்கிகள் பெரிதும் நம்பியிருப்பது கல்லூரி முகாம்களை. கல்லூரி மூடினால் முகாம் இல்லை. சிவப்பணுப் பை 42 நாள் தாங்கும், தட்டணு 5 நாள்தான். ஆக ஊரடங்கு ஆறு வாரத்தைத் தாண்டினால் பழைய இருப்பு மொத்தமும் முடிந்திருக்கும். தடுப்பூசி வந்தபோது, போட்டுக்கொண்டால் 28 நாள் ரத்தம் தரக் கூடாது என்றிருந்து, 2021 மே மாதம் அது 14 நாளாகக் குறைந்தது. 18 வயதைத் தாண்டிய பிள்ளைகள் எல்லாம் ஒரே வாரம் ஊசி போட ஓடினால், அந்த இரண்டு வாரம் ரத்த வங்கி காய்ந்துவிடும். ஊசிக்கு முதல் நாள் வந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்று முன்கூட்டியே கூப்பிட்டால் தீர்ந்தது. முகாம் நடத்த முடியாவிட்டாலும், கொடையாளர் பட்டியலைப் பார்த்துப் போன் செய்து, மணிக்கு ஐந்து பேர் என்று நேரம் கொடுத்து, வங்கியின் முத்திரை போட்ட வழிச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். போலீஸ் அதை ஏற்க வேண்டும் என்பதற்கு ஆட்சியர் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று போதும்.

கம்பி, பிளேட் வரும் வழி வெளியாட்களுக்குத் தெரியாது. தொடை எலும்புக்குள் போடும் கம்பியான ராடு 34 செ.மீ. முதல் 44 வரை இரண்டிரண்டு செ.மீ. இடைவெளியில் ஆறு நீளம், 9, 10, 11 மி.மீ. என்று மூன்று தடிமன். ஆக ஒரு பெட்டிக்குப் பதினெட்டு. வலது, இடது தனித்தனி என்ற ரகத்தில் முப்பத்தாறு. தாலுகா ஊர் நர்சிங் ஹோம் இத்தனையையும் வாங்கி வைக்காது. கோவை டீலருக்குப் போன் போட்டால் பெட்டி பஸ்ஸில் ஏறி வந்துவிடும், மிஞ்சியது அதே பஸ்ஸில் திரும்பிப்போகும். பஸ் நின்ற அன்றைக்கே அந்த ஏற்பாடு நின்றது. அத்தியாவசியப் பொருள் பட்டியலில் மருந்து என்று இருந்ததே தவிர, எலும்பு இம்பிளான்ட் என்று யாரும் தனியாக எழுதவில்லை. சாவடியில் நிற்கும் காவலருக்கு இரும்புப் பெட்டி மருந்தாகத் தெரியுமா? அடுத்த பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும். ராடு வராத இடத்தில் வெளிக்கம்பி கைகொடுக்கும். தோலுக்கு வெளியே கம்பியும் கிளாம்பும் போட்டு எலும்பை நேராக நிறுத்திவிட்டால், காயத்தையும் கழுவலாம், ஒரு வாரம் கழித்து ராடும் போடலாம். ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் இரண்டு முழு செட் இருக்கட்டும்.

மீதி ஆறு வாரம் நோயாளியின் வீட்டில் நடக்கிறது. எங்களுக்கு மிகக் கவலை தந்த பகுதி அதுதான். மாவுக்கட்டுப் போட்டால் ஒரு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே, இரண்டாவது வாரத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து எலும்பு நழுவும், இரண்டு வாரத்துக்குள் பார்த்தால் இழுத்துச் சரிசெய்யலாம். மூன்று வாரம் தாண்டினால் புது எலும்பு பிடித்துக்கொள்ளும், திறந்து வெட்டித்தான் நேராக்க வேண்டும். பிள்ளையின் முழங்கையில் குத்திய கம்பியை மூன்று, நான்கு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். தையல் பிரிக்க 12 முதல் 14 நாள். விரல் தசைநாணைத் தைத்தவருக்கு முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தபடி அசைவு வேண்டும், அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், மிஞ்சி அசைத்தால் பிய்ந்துபோகும். டவுன் பஸ் இல்லாமல், இ-பாஸ் கிடைக்காமல், கொரோனா பயத்தில், இவையெல்லாம் தள்ளிப்போயின. சிலர் பக்கத்து ஊர் கட்டுக்காரரிடம் போய் மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை, போக வேறு இடம் இருக்கவில்லை. கட்டின் இறுக்கம்தான் ஆபத்து.

இறுக்கம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். "ஏனுங்க டாக்டர், கட்டுக்குள்ள எரியுதுங்க, வலி மாத்திரை போட்டாப் போதுங்களா?" என்று போன் வரும். மாத்திரை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. விரல் நுனியை வேறொருவர் மெதுவாக நிமிர்த்தினால் முன்கையோ கெண்டைக்காலோ உயிர்போவது மாதிரி வலிக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? விரல் மரத்திருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தாலே போதும். நாடி துடிக்கிறது, நகம் சிவக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம், நாடி கடைசியில்தான் போகும். உள்ளே தசை வீங்கி, மாவுக்கட்டு இடம் கொடுக்காமல், 6 மணி நேரத்தில் அந்தத் தசை செத்துவிடும். கை கொக்கி மாதிரி மடங்கிப்போகும், எந்த ஆபரேஷனும் அதைப் பழையபடி ஆக்காது. உடனே பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டை முழு நீளத்துக்கும் வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்துத் தோல் தெரியும்வரை பிரித்துவிட வேண்டும். பஞ்சை விட்டுவிட்டால் வெட்டியும் பிரயோஜனம் இல்லை, ரத்தம் காய்ந்த பஞ்சு கயிறு மாதிரி இறுக்கும். எலும்பு நழுவினால் நழுவட்டும், அதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். கட்டு வெட்டும் வேலை சுகாதார நிலைய நர்ஸுக்கு அரை நாள் பயிற்சியில் வந்துவிடும். ரம்ப மெஷின் இல்லாவிட்டால், வெந்நீரில் ஊறவைத்துக் கத்தரிக்கோலால் வெட்டலாம்.

எக்ஸ்ரே படத்தைப் போனில் அனுப்புகிறவர்கள் ட்யூப்லைட்டுக்கு முன்னால் பிடித்து ஃபிளாஷ் போட்டு எடுக்கிறார்கள். ஒன்றும் தெரிவதில்லை. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஃபிளாஷை அணைத்து, முன்படம் பக்கப்படம் இரண்டையும், மூலையில் பெயரும் தேதியும் விழும்படி எடுத்தால் நழுவியிருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நூற்றைம்பது கிலோமீட்டர் போய்வருவதை அந்த ஒரு படம் மிச்சம் பண்ணும்.

2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசு ஏற்கிறது. முதல் இரண்டு அலையின்போது அது இல்லை. இனி ஒரு ஊரடங்கு வந்தால், சாலை விபத்து என்ற வரையறையை அந்த நாட்களுக்கு மட்டுமாவது தறி, மெஷின், மர விபத்துக்கும் விரித்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் எது அன்றைக்குத் தொற்று வார்டாக மாறியிருக்கிறது, எதில் தியேட்டர் ஓடுகிறது என்பதைத் தினமும் காலை 8 மணிக்கு மாவட்ட நிர்வாகம் வெளியிட்டால், தங்கள் நாளிதழ் போன்றவை மாவட்டப் பக்கத்தில் தொற்று எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அதையும் நாலு வரியில் போடலாம்.

இப்படிக்கு,
எலும்பு முறிவு, விபத்து அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் சிலர்,
ஈரோடு.